ஆதிரைக்கு என்ன உடுத்துவது?

பங்குனி மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை வலங்கைமானுக்கு வந்தவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். கடும் நோயிலிருந்து மீண்டவர்கள் மகாமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டபடி குடமுருட்டியில் நீராடிப் பாடையில் பிணம்போலப் படுத்துக்கொள்கிறார்கள். உறவினர்கள் தோள் கொடுக்க, ஒருவர் தீச்சட்டி ஏந்தி முன்னே நடக்க, பாடை கோயிலை வலம் வருகிறது. பின்னர் தீர்த்தம் தெளிக்கப்பட்டதும் இறந்தவர் எழுந்து உட்காருகிறார்! பாடைக் காவடி என்று அதற்குப் பெயர். போனவர் திரும்பி வந்ததை ஆண்டுதோறும் நடித்துக் காட்டும் ஊர் இது.

அந்த ஊரில் உட்கார்ந்து நாங்கள் சிலர் மணிமேகலை படித்துக்கொண்டிருந்தபோது, பதினாறாம் காதையை ஒரு சிறு நாடகமாக்கினால் என்ன என்ற ஆசை எழுந்ததில் வியப்பில்லை. அதுவும் போனவன் திரும்பி வந்த கதைதான். நூலும் நமக்கு அயலானதன்று. உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை 1898ஆம் ஆண்டு பதிப்பித்தபோது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். இங்கிருந்து அரைமணிப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் ஊர். பௌத்தக் கொள்கைகள் பிடிபடாமல் தவித்த அவருக்கு அவற்றை விளக்கி உதவிய ரங்காசாரியாரும் அதே கல்லூரியைச் சேர்ந்தவரே.

கதை பலரும் அறிந்ததுதான். காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் சாதுவன் மனைவி ஆதிரையைப் பிரிந்து கணிகை ஒருத்தியிடம் வாழ்கிறான். பொருளைச் சூதிலும் தொலைக்கிறான். கைப்பொருள் தீர்ந்ததும் மீண்டும் பொருள் தேடக் கப்பல் ஏறுகிறான். நள்ளிரவில் கலம் உடைகிறது. முறிந்த மரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலையில் ஒதுங்குகிறான் சாதுவன். பிழைத்து ஊர் வந்து சேர்ந்த மற்றவர்களோ, மாண்டவர்களோடு அவனும் மாண்டான் என்கிறார்கள். ஆதிரை ஊராரிடம் ஈமத்தீ கேட்கிறாள். சுடுகாட்டில் குழி தோண்டி விறகு அடுக்கித் தீ மூட்டுகிறார்கள். அவள் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை.

நாடகம் எழுதி முடித்து உடைக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. ஆதிரைக்கு என்ன உடுத்துவது? கணவன் இறந்த செய்தி வந்தபின் சுடுகாட்டுக்குப் போகிறவள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, விரித்த கூந்தல் என்று எங்களில் பெரும்பாலோர் யோசிக்காமலே சொன்னோம். நாடக உடை வாடகைக்குத் தரும் கடையிலும் அதையேதான் எடுத்து வைத்தார்கள். ஒருவர் மட்டும், "நூலில் அப்படி இருக்கிறதா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி எங்களை மூன்று வாரம் அலைக்கழித்தது.

அக்காலத்துக் கைம்மை எப்படி இருந்தது என்பதற்குப் புறநானூறு சான்று தருகிறது. 246ஆம் பாட்டைப் பாடியவள் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. தன்னைத் தீப்பாய வேண்டாம் என்று தடுத்த சான்றோர்களிடம், பிழிந்த சோறும் எள் துவையலும் வேளைக்கீரையும் உண்டு, பாயின்றிப் பருக்கைக்கல் மேல் படுக்கும் பெண்டிரில் ஒருத்தியாக வாழத் தனக்கு இயலாது என்கிறாள். 250ஆம் பாட்டில் கூந்தல் கொய்யப்பட்டு, வளை நீங்கி, அல்லியரிசி உண்ணும் மனைவி ஒருத்தி வருகிறாள். இவ்விரு பாட்டுகளும் முடி, வளை, உணவு, படுக்கை என்று பேசுகின்றனவே தவிரச் சேலையின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாங்கள் யோசிக்காமல் எடுத்த வெள்ளைச் சேலை இந்தப் பாட்டுகளிலிருந்து வந்ததன்று. திரையிலும் மேடையிலும் பார்த்துப் பழகிய கண்ணிலிருந்து வந்தது.

ஆதிரை காதைக்குத் திரும்பினோம். பலமுறை படித்த பகுதிதான். ஆயினும் உடை தேடும் கண்ணோடு அப்போதுதான் முதன்முறையாகப் படித்தோம். தீ எவற்றையெல்லாம் சுடவில்லை என்று சாத்தனார் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். அவள் அமர்ந்த படுக்கை கருகவில்லை. உடுத்திருந்த கூறையைத் தீ தொடவில்லை. பூசியிருந்த சந்தனமும் கூந்தலில் சூடியிருந்த மாலையும் முன்னிருந்த நிறம் மாறவில்லை. சந்தனம்! மாலை! கணவன் கடலில் மாண்டான் என்று கேட்டவள் பூச்சூடிச் சந்தனம் பூசித்தான் ஈமத்தில் இறங்கியிருக்கிறாள். புறநானூற்று மகளிரைப்போல முடி கொய்து வளை கழற்றிக் கைம்மைக் கோலம் பூணவே இல்லை. எங்கள் கேள்விக்கு உரிய விடை இத்தனை நாளும் எங்கள் கையிலிருந்த நூலிலேயே கிடந்தது.

'கூறை' என்ற சொல்லைக் கண்டதும் எங்களில் சிலருக்கு உற்சாகம் பிறந்தது. மயிலாடுதுறைக் கூறைநாடும் அங்கு நெய்த கூறைப் புடவையும் நம் பக்கத்துத் திருமணங்களில் இன்றும் பேசப்படுபவை. மணக்கோலத்தில் தீப்புகுந்தாள் என்று காட்டிவிடலாமே என்றோம். ஆனால் பழந்தமிழில் கூறை என்பது பொதுவாக ஆடையைக் குறித்த சொல். இன்றைய பொருளை அன்றைய சொல்லில் ஏற்றுவது, வெள்ளைச் சேலையை ஏற்றியதைப் போன்ற அதே பிழை. எனவே அந்த ஆசையைக் கைவிட்டோம்.

மிஞ்சிய சான்றுகளைக் கொண்டு உடையை அமைத்தோம். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, பட்டும் மயிரும் பருத்தி நூலும் கொண்டு நெய்தவர்களைப் புகார் நகரத்து மக்களிடையே வைத்துச் சொல்கிறது. தையல்காரரும் அதே பட்டியலில் உண்டு. ஆயினும் இன்றைய ரவிக்கையை அந்நகரத்துப் பெண்ணுக்கு அணிவிக்க எங்களுக்குத் துணிவில்லை. மார்புக்கு இலக்கியம் சொல்லும் கச்சையே கொண்டோம். அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் தொட்டிகளைச் சாயத்தொட்டிகள் என்று அறிஞர் பலர் கருதுவர். ஆகவே சாயமேற்றிய துணி பொருந்தும். நிறம்தான் நூலில் இல்லை. தீயின் நடுவே அமர்ந்த ஆதிரையைத் தாமரையில் வீற்றிருக்கும் திருமகளுக்கு ஒப்பிடும் சாத்தனார், திருமகளைச் 'செய்யோள்' என்கிறார். சிவந்தவள் என்று பொருள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, சரிகையில்லாத செந்நிறக் கைத்தறிப் பருத்தியைத் தேர்ந்தோம். இது எங்கள் ஊகமே, சான்றன்று.

ஒத்திகை பார்க்க வந்த பெரியவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "தாலியறுத்தவ தலையில பூவா?" என்றார். அவருக்கு மறுமொழி சொல்ல முயன்றபோதுதான் கதையின் உட்பொருள் எங்களுக்கே விளங்கிற்று. அவள் தாலியறுத்தவள் அல்லள். ஆதிரையின் கணவன் இறக்கவில்லை. உடல் வரவில்லை, வந்தது செய்தி மட்டுமே. ஊர் அவளைக் கைம்பெண் என்று முடிவு கட்டிவிட்டது. தீ அதை ஏற்கவில்லை. கற்பின் ஆற்றல் என்று காப்பியம் அதைச் சொல்லும். பொய்ச்செய்தியை நம்பி ஓர் உயிர் போகவிருந்தது என்றும் நாம் படிக்கலாம். சாதுவன் உயிரோடிருக்கிறான், சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் வருவான் என்று அசரீரி சொன்னபின், பொய்கையில் குளித்து எழுந்தவளைப்போல ஆதிரை வீடு திரும்புகிறாள்.

கடலில் காணாமற்போனவனின் மனைவி யார் என்ற கேள்வி பழங்கதையோடு முடிந்துவிட்டதா? ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லையெனில் அவர் உயிரோடிருப்பதாகச் சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று நம் சாட்சியச் சட்டம் சொல்லிவந்தது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்திலும், 2017 ஒக்கிப் புயலுக்குப் பின் குமரிக் கடற்கரையிலும் உடல் கிடைக்காத குடும்பங்கள் இருந்தன. அந்த வீட்டுப் பெண் பூச்சூடுவதா, களைவதா என்று எந்தச் சட்டமும் சொல்லாது. அதை இன்றும் ஊர்தான் முடிவு செய்கிறது.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். நாகர் தலைவனிடம் சாதுவன் அறம் உரைத்து, இனிக் கலமுடைந்து கரையேறுவோரைக் கொல்லாமல் காக்க வேண்டும் என்கிறான். தலைவன் இசைந்து, முன்பெல்லாம் தாங்கள் கொன்று தின்ற வணிகர்களின் பொருள்களை அவனிடம் எடுத்துக் கொடுக்கிறான். மணமுள்ள மரங்கள், பெருஞ்செல்வக் குவியல், அவற்றோடு மெல்லிய துகில்கள். சாதுவன் அவற்றோடு வீடு வந்து ஆதிரையோடு இனிது வாழ்ந்து தானங்கள் செய்தான் என்று கதை மகிழ்ச்சியாக முடிகிறது. அந்தத் துகில்கள் யாருடையவை? அவற்றை உடுத்தியவர்களும், விற்கக் கொண்டுபோனவர்களும் எந்த எந்தத் துறைகளிலிருந்தோ கலம் ஏறியிருப்பார்கள். அவர்களுக்கும் மனைவியர் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அசரீரி பேசவில்லை. சாதுவனோடு சென்று அந்த நள்ளிரவில் மாண்டவர்களின் மனைவியர் புகாரிலேயே இருந்திருப்பார்கள். அவர்கள் என்ன உடுத்தினார்கள் என்று காப்பியம் சொல்லவில்லை. கல்மேல் படுத்தார்களா, கூந்தல் கொய்தார்களா, நமக்குத் தெரிய வழியில்லை.

நாடகம் நடந்தது. எண்பது பேர் வந்திருந்தார்கள். ஆதிரையாக நடித்த பெண் செந்நிறப் பருத்தியும் கச்சும் அணிந்து, சந்தனமும் மல்லிகையுமாகத் தீக்குழியில் இறங்கினாள். யாரும் முணுமுணுக்கவில்லை, அந்தப் பெரியவரும் கடைசிவரை இருந்தார். இறுதிக் காட்சியில் சாதுவன் மூட்டையை அவிழ்த்துத் துகில்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆதிரையிடம் கொடுக்க வேண்டும். ஒத்திகையில் அவள் அவற்றைத் தோளில் போட்டு மகிழ்வதாக வைத்திருந்தோம். அன்று அவள் போட்டுக்கொள்ளவில்லை. வாங்கி, மடித்து, மடிமேல் வைத்துக்கொண்டாள். ஏன் என்று பிறகு கேட்டோம். "வேற யாரோடதோ இல்ல?" என்றாள்.