கைட் போர்டிங் கத்துக்கப் போறீங்களா? புதுசா வர்றவங்க செய்யும் தவறுகள் என்ன... பழவேற்காடு ஏரியில் இறங்கலாமா?

சென்னையில் இருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பழவேற்காடு ஏரிக்கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டையான தண்ணீர். பல இடங்களில் இடுப்பளவுதான் ஆழம். கூடவே கடற்காற்று. 'ரீல்ஸ்ல பார்த்தோமே, பட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு தண்ணி மேல பறக்குற விளையாட்டு, அதை இங்க ஆடலாமே?' என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருக்கு. பார்க்கலாம்.

கைட் போர்டிங் என்றால் என்ன?

காற்றடைத்த பெரிய பட்டம், 20 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கயிறுகள், கையில் பிடிக்கும் 'பார்', இடுப்பில் கட்டும் 'ஹார்னஸ்', காலடியில் ஒரு பலகை. காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் உங்களை இழுக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் முறையாக இது இடம்பெற்றது. படகுப்போட்டிகள் நடந்த மார்செய் நகரக் கடலில்தான் இந்தப் பந்தயமும் நடந்தது.

தமிழ்நாட்டில் இதைக் கற்றுக்கொள்ள ராமேஸ்வரம், தூத்துக்குடி பகுதிகளுக்குப் போகிறார்கள். இலங்கையில் கற்பிட்டி இதற்குப் பெயர்பெற்ற இடம்.

புதுசா வர்றவங்க செய்யும் 5 தவறுகள்

1. பயந்தால் பாரை இழுப்பது: கீழே விழப்போகிறோம் என்றால் கையில் இருப்பதை இறுக்கிப் பிடிப்பது மனித இயல்பு. இங்கே அதுதான் ஆபத்து. பாரை உடலை நோக்கி இழுத்தால் பட்டத்தின் விசை கூடும். விட்டால் குறையும். அதனால் முதல் பாடமே, 'பயமா இருக்கா? கையை விடு.' அதற்கும் அடங்காவிட்டால் அவசர விடுவிப்புப் பிடியைத் தள்ள வேண்டும். கண்ணை மூடிக்கொண்டும் அதைத் தொடத் தெரிந்திருக்க வேண்டும்.

2. காற்றின் திசையைப் பார்க்காதது: கரைக்குப் பக்கவாட்டில் அல்லது சற்றே கரையை நோக்கிச் சாய்வாக வீசும் காற்றுதான் கற்பவர்களுக்கு ஏற்றது. கரையில் இருந்து கடலை நோக்கி வீசினால் இறங்கவே கூடாது. நம் கிழக்குக் கரையில் மேற்குக் காற்று அப்படிப்பட்டது. ஏதாவது பழுதானால் அது உங்களை நடுக்கடலுக்குத்தான் கொண்டுபோகும்.

3. பெரிய பட்டம் கேட்பது: காற்று கூடும்போது பட்டம் சிறிதாக வேண்டும். 'நான் நல்ல வெயிட்டு, பெருசே குடுங்க' என்று கேட்டு வாங்கியவர்களைக் கரை மணலில் இழுத்துப்போகக் காற்றுக்குச் சில நொடிகள் போதும்.

4. கயிறுகளைச் சரிபார்க்காதது: ஒரு கயிறு மாறிக் கோத்திருந்தாலும் பட்டம் சொன்னபடி கேட்காது. ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கயிற்றையும் கையால் தடவி வந்து பார்க்க வேண்டும். பட்டத்தைக் கீழே வைத்தால் மேலே மணல் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும்.

5. அவசரப்பட்டுப் பலகையில் ஏறுவது: முதலில் பட்டம் ஓட்டுதல், அடுத்து பலகை இல்லாமல் தண்ணீரில் இழுபடுதல், அதன் பிறகுதான் பலகை. நடுவழியில் பலகையைத் தவறவிட்டால் அதை எட்டிப் பிடிக்கவும், கரை சேரவும் இரண்டாவது பாடம்தான் கைகொடுக்கும்.

தண்ணீரில் யாருக்கு வழி?

சாலையில் இடதுபக்கம் போவது போல இங்கேயும் விதி உண்டு. எதிரெதிரே இருவர் வந்தால், வலது கை முன்னால் இருக்க வருபவருக்கு முன்னுரிமை. மற்றவர் ஒதுங்க வேண்டும். கடக்கும்போது காற்று வரும் பக்கம் இருப்பவர் பட்டத்தை உயர்த்துவார், மறுபக்கம் இருப்பவர் தாழ்த்துவார். இல்லையென்றால் கயிறுகள் பின்னிக்கொள்ளும். கரையில் இருந்து கிளம்புபவருக்கு, திரும்பி வருபவர் வழிவிட வேண்டும்.

சைகைகளும் முக்கியம். கட்டைவிரலை உயர்த்தினால் 'ஏத்தலாம்'. தலையைத் தட்டிக் காட்டினால் 'இறக்கணும், உதவி பண்ணுங்க'. அதைப் பார்த்த யாராக இருந்தாலும் போய்ப் பட்டத்தைப் பிடித்துக் கொடுப்பதுதான் இந்த விளையாட்டின் மரியாதை. நாளைக்கு நீங்களும் தலையைத் தட்டுவீங்க.

சரி, பழவேற்காட்டில் இறங்கலாமா?

தட்டையான தண்ணீர் இருக்கு, காற்று இருக்கு. ஆனால் அந்தத் தண்ணீர் காலியாக இல்லை.

ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயம். பூநாரைகள் குளிர்காலத்தில் கூட்டமாக வந்து இரை தேடும் இடம். தலைக்கு மேல் திடீரென்று ஒரு பெரிய நிழல் வந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பிப் போய்விடும். சரணாலயத்துக்குள் நுழையவே வனத்துறையின் அனுமதி தேவை.

அதைவிட முக்கியம், மீனவர்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் 'பாடு' என்ற முறை தலைமுறைகளாக இருக்கிறது. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதை ஊரே முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும். தண்ணீருக்குள் கழி நட்டு வலை கட்டுவார்கள். ஒரு குடும்பத்தின் முறை வரும் நாளில் உங்கள் பலகை அந்த வலையைக் கிழித்தால், போவது அவர்கள் காத்திருந்த வருமானம். ஆழம் குறைந்த இடங்களில் இறங்கி வெறும் கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். வேகமாக இழுபடும் கயிறு அவர்கள் மேல் பட்டால் கத்தி பட்ட மாதிரிதான்.

ஆழம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று நினைக்க வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்த 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

அதனால் பதில்: கற்றுக்கொள்ள இது இடமில்லை. பயிற்சியாளரும் மீட்புப் படகும் இருக்கும் இடத்துக்குப் போங்க. அங்கேயும் இறங்கும் முன் மீனவர்களிடம் கேளுங்க. 'அண்ணே, வலை எங்க போட்டிருக்கீங்க? இன்னைக்குக் காத்து எப்படி?' என்று கேட்டால், செல்போன் செயலி சொல்லாததையும் அவர்கள் சொல்வார்கள். அவர்கள் 'இன்னைக்கு வேணாம்பா' என்றால், வேண்டாம்.

விழுந்தா சிரிங்க

முதல் சில நாட்கள் உப்புத் தண்ணீர் குடிப்பதிலும், பலகையைத் தேடுவதிலும்தான் போகும். கரையில் நிற்கும் சிறுவர்கள் சிரிப்பார்கள். நீங்களும் சேர்ந்து சிரிச்சுடுங்க. வெட்கப்பட்டு, 'இன்னும் ஒரு தடவை, காட்டுறேன் பாரு' என்று களைத்த உடம்போடு இறங்குபவர்தான் அடிபடுகிறார். காற்று சரியில்லை என்று பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகத் தெரிந்தவர், நாளைக்கு மறுபடியும் வருவார்.