மிகுதி உணர்த்தும் ஆங்கிலச் சொற்கள்

மக்களைப் போலவே சொற்களுக்கும் பிறப்பும் வளர்ச்சியும் தேய்வும் உண்டு. ஆங்கிலத்தில் மிகுதி உணர்த்தும் சொற்களே இதற்குத் தக்க சான்றாம். ‘வெரி’, ‘டூ’, ‘குவைட்’, ‘ஆஃபுலி’ ஆகிய யாவற்றையும் நம்மவர் ‘மிக’ என்னும் ஒரே சொல்லால் பெயர்த்துவிடுகின்றனர். அவை ஒன்றல்ல என்பதை அவற்றின் வரலாறே காட்டும்.

ஆயிரம் ஆண்டுகட்கு முன் ஆங்கில மக்கள் மிகுதியைக் குறிக்க ‘ஸ்வீதெ’ என்றனர். வலிமை என்பதே அதன் அடிப்பொருள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு மொழி அரசவை ஏறிற்று. ‘மெய்யான’ என்னும் பொருளுடைய அம்மொழிச் சொல்லொன்று 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துட் புகுந்தது. அதுவே ‘வெரி’. மெய்யைச் சுட்டவந்த அச்சொல் 15-ஆம் நூற்றாண்டளவில் மிகுதியைச் சுட்டலாயிற்று, ‘ஸ்வீதெ’ வழக்கொழிந்தது.

‘ரைட்’ என்பதும் முற்காலத்தில் இப்பணியைச் செய்தது; இன்று பெரும்பாலும் பட்டங்களிலேயே அப்பொருளில் எஞ்சி நிற்கிறது. 1936-இன் இறுதியில் மலாயாவிலுள்ள இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய வந்த சீனிவாச சாஸ்திரியாரின் ‘ரைட் ஆனரபிள்’ பட்டத்தை நம்மவர் ‘மகா கனம்’ என வழங்கினரன்றோ? அங்கே ‘ரைட்’ என்பது வலமும் அன்று, சரியும் அன்று, ‘மகா’ என்பதேயாம்.

‘ஆஃபுலி’ என்பதன் வேர் பேரச்சம். 19-ஆம் நூற்றாண்டில் அச்சம் கழன்று மிகுதி மட்டும் நின்றது. இன்று விருந்தின் சுவையைப் புகழவும் அச்சொல்லே வருகின்றது!

‘குவைட்’ என்பதன் முதற்பொருள், கடன் யாவும் நீங்கியது என்பது. அதிலிருந்து ‘முற்றிலும்’ என்னும் பொருள் பிறந்தது. வெறும் பெட்டியைச் சொல்லுங்கால் இன்றும் அப்பொருளே. ஆனால் ‘குட்’ என்பதோடு சேருங்கால், பிரிட்டிஷார் வாயில் அது பெரும்பாலும் ‘ஓரளவு நன்று’ என்றே சுருங்கும். அமெரிக்கர் வாயில் ‘மிக நன்று’ என விரியும். நற்சாட்சிப் பத்திரம் பெறுவோர் இதனை உணர்தல் வேண்டும்.

‘டூ’ என்பதோ அளவு கடந்தது எனப் பொருள்படும். நோயுற்ற தொழிலாளியை ‘வெரி வீக்’ என்று எழுதினால், மிகவும் தளர்ந்தவன் என்பதே பெறப்படும். வேலைக்கு ‘டூ வீக்’ என்று எழுதினால், வேலை செய்யவே இயலாதவன் என்றாகும். ஒரு சொல்லில் ஓர் ஏழையின் ஓய்வு அடங்கியிருக்கிறது.

ஆகவே, பிறமொழியைக் கற்போர் அகராதிப் பொருளோடு நில்லாது, சொல்லின் வரலாற்றையும் கற்பாராக. சொல்லை எடையறிந்து வழங்குவோனைப் பிறர் சொல்லால் ஏமாற்றுதல் அரிது.