பாலாற்றிலிருந்து பண்ணைக் குட்டைக்கு

நம் குடியிருப்பில் தூண்டில் பிரியர்கள் சிலர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பாலாற்றுக்குப் போவதில்லை. காசு கட்டி, யாரோ ஒருவருடைய பண்ணைக் குட்டையில் தூண்டில் போடுகிறார்கள். பக்கத்திலேயே ஆறு இருக்க, இது ஏன்?

ஆறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. பாலாறு கர்நாடகத்தில் பிறந்து சுமார் 348 கி.மீ. ஓடி வயலூர் அருகே கடலில் சேர்கிறது. இதன் நீருக்கான போட்டி புதிதல்ல. சென்னை மாகாணமும் மைசூரும் 1892-லேயே ஒப்பந்தம் போட்டன. வாலாஜா அருகே கட்டிய அணைக்கட்டு, வந்த நீரைக் காவேரிப்பாக்கம் போன்ற ஏரிகளுக்குத் திருப்பியது. அப்போதும் மணலுக்கடியில் ஊற்று இருந்தது. கோடையில் மடுக்களில் விராலும் கெளுத்தியும் தங்கின. ஆழ்துளைக் கிணறுகளும் மணல் அள்ளுதலும் அந்த ஊற்றை இறக்கிவிட்டன. வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. 2021 நவம்பரில் வந்தது போன்ற பெருவெள்ளம் எப்போதோதான். ஊருக்குள் ஓடும் வேகவதியோ கழிவுநீர்க் கால்வாயாகிவிட்டது.

மீன் வேறு வழியில் வந்தது. ஜிலேபி மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1957-இல் விஞ்ஞானி ஹீராலால் சவுத்ரி ஊசி மருந்து மூலம் கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார். அதன்பின் கட்லா, ரோகு குஞ்சுகளுக்கு ஆற்றை நம்பவேண்டிய தேவை குறைந்தது. குட்டையும் குஞ்சும் தீவனமும் இருந்தால் போதும், யாரும் மீன் வளர்க்கலாம்.

மீனுக்குக் காசு கொடுப்பதும் நமக்குப் பழையதே. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்றொரு சொல் வரும். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கான குத்தகை அது. அந்த வருமானத்தை ஏரியைத் தூர்வாரவே ஒதுக்கிய ஊர்கள் உண்டு. நம் பக்கத்து உத்திரமேரூரில் 10-ஆம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியம் இருந்தது.

வித்தியாசம் இங்கேதான். அன்று மீன் காசு பொது நீருக்கே திரும்பியது. இன்று குட்டைக்காரரிடம் போகிறது. அவர்மேல் தவறில்லை, குட்டையை அவர்தான் பராமரிக்கிறார். ஆனால் கட்டணம் கட்ட முடியாத நெசவாளர் வீட்டுப் பையனுக்குத் தூண்டில் போட இடமில்லை.

நம் பங்குக்கு ஒன்று செய்யலாம்: நம் வீட்டுக் கழிவுநீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதை அடுத்த பொதுக்குழுவில் கேட்போம்.