கழற்றவே முடியாத பிரேக் டிஸ்க்... சுத்தியலை எடுக்கும் முன் அந்த 2 ஓட்டைகளைப் பாருங்க!

வீலைக் கழற்றியாச்சு. காலிப்பரையும் எடுத்தாச்சு. கையால் இழுத்தாலே வந்துவிட வேண்டிய பிரேக் டிஸ்க் மட்டும் அசையவே இல்லை. பத்து, பதினைந்து வருடம் ஓடிய காரில் டிஸ்க் மாற்ற உட்காரும் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அடுத்த நிமிடம் கை தானாகச் சுத்தியலைத் தேடும். டிஸ்க்கோடு முடிய வேண்டிய செலவு வீல் பேரிங் வரை நீள்வதும் அங்கேதான்.

துரு எங்கே பிடிக்கிறது?

மழை பெய்த மறுநாள் காலையில் டிஸ்க் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு படலம் தெரியும். அதற்குப் பயப்பட வேண்டாம். நாலு தடவை பிரேக் பிடித்தால் பேட் உரசி அதுவே போய்விடும். சிக்கல் இருப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

டிஸ்க் வார்ப்பிரும்பு. அது உட்கார்ந்திருக்கும் ஹப் எஃகு. ஹப்பின் நடுவில் வளையம்போல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில், டிஸ்க்கின் நடு ஓட்டை கிட்டத்தட்ட இடைவெளியே இல்லாமல் பொருந்தும். இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். இடமே இல்லாத இடத்தில் அது வளர்ந்தால் ஆப்பு அடித்த மாதிரிதான். கடற்கரையோர உப்புக்காற்றில் நிற்கும் கார்களிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை தெருக்களில் நடந்ததுபோல வெள்ளத்தில் மூழ்கி நின்ற கார்களிலும் இந்தப் பிடிப்பு சீக்கிரம் வரும்.

முதலில் இதைச் செக் பண்ணுங்க

காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி இந்த வேலையில் இறங்கவே கூடாது. சமதளம், ஆக்ஸில் ஸ்டாண்ட், தரையில் இருக்கும் வீல்களுக்கு முட்டு, மூன்றும் வேண்டும். டிஸ்க்கை இழுப்பதும் தட்டுவதும் காரையே உலுக்கும் வேலை. ஜாக்கி நழுவினால் யோசிக்க நேரம் இருக்காது.

பிறகு, டிஸ்க்கைப் பிடித்திருப்பது துரு மட்டும்தானா என்று பாருங்கள். பல ஹோண்டா கார்களில் டிஸ்க் முகத்தில் இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடும். பின்னால் சுத்தியலால் அடித்தால் உள்ளே அழுத்திக்கொண்டே திரும்பும் இம்பாக்ட் டிரைவர்தான் இதற்குச் சரி. பின் வீலில் டிஸ்க் உள்ள சில கார்களில், ஹேண்ட் பிரேக்கின் ஷூ அந்த டிஸ்க்குக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, அட்ஜஸ்டரையும் தளர்த்தாமல் எவ்வளவு இழுத்தாலும் வராது. சில பழைய மாடல்களில் டிஸ்க் ஹப்போடு சேர்த்தே போல்ட் போடப்பட்டிருக்கும். அங்கே ஹப்பையே கழற்ற வேண்டும். உங்கள் கார் எந்த வகை என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கழற்றிய காலிப்பரை அதன் ஹோஸில் தொங்க விடாதீங்க. ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். சுற்றியிருக்கும் கறுப்புத் தூசியை ஏர் அடித்து ஊதவும் கூடாது. பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

அந்த 2 ஓட்டைகள் எதற்கு?

டிஸ்க் முகத்தில், ஸ்டட்களுக்கு நடுவே மரை போட்ட இரண்டு சின்ன ஓட்டைகள் தெரிகிறதா? அது அழகுக்கு வைத்தது இல்லை. டிஸ்க்கைக் கழற்றவே கம்பெனி வைத்தது. பல ஹோண்டா கார்களில் 8 மி.மீ. போல்ட், 1.25 மரை. ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். இரண்டையும் உள்ளே திருகினால், போல்ட் நுனி ஹப்பில் முட்டி டிஸ்க்கை வெளியே தள்ளும்.

இங்கே அவசரம் கூடாது. ஒரு பக்கம் கால் சுற்று, மறுபக்கம் கால் சுற்று என்று மாறி மாறித் திருக வேண்டும். ஒரே போல்ட்டை முழுசாகத் திருகினால் டிஸ்க் சாய்ந்து இன்னும் இறுகும், மரையும் போகும். முந்தின நாள் இரவே நடு வளையத்தைச் சுற்றியும் ஸ்டட் அடியிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்தால் நல்லது. திருகிய பிறகும் அடம் பிடித்தால், போல்ட் இறுக்கத்தில் இருக்கும்போதே ஸ்டட்களுக்கு இடையில் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். ‘டக்’ என்று விடும். அதற்கு முன் ஒரு வீல் நட்டை நாலு சுற்று மாட்டி வையுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் நேராகக் காலில் விழும்.

மரை ஓட்டை இல்லாத கார்களுக்கும் வழி உண்டு. காலிப்பர் பிராக்கெட் மாட்டும் ஓட்டை வழியாக ஒரு நீள போல்ட்டை விட்டு, டிஸ்க்கின் பின்புறம் முட்டுமாறு நட் போட்டு இறுக்கினால் அது டிஸ்க்கை வெளியே நெம்பும். கொஞ்சம் இறுக்கி, டிஸ்க்கைச் சுற்றி, வேறு இடத்தில் மறுபடி இறுக்க வேண்டும். பொறுமை சோதிக்கும் வேலைதான். ஆனால் பேரிங்கில் அடி விழாது.

ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு அடியும் பேரிங் பாதையில் பள்ளம் விழ வைக்கலாம். கார் ஓடும்போது ‘ஊ...’ என்று வரும் இரைச்சல் அப்போதுதான் தொடங்கும். கேஸ் டார்ச்சால் சுடுவதும் ஆபத்து: பேரிங் கிரீஸ், ஏபிஎஸ் சென்சார், ரப்பர் பூட் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டினால் பாஸ்ஜீன் என்ற விஷவாயுவே உருவாகலாம்.

புதுசு மாட்டும் முன்...

பலர் கோட்டை விடுவது இங்கேதான். பழைய டிஸ்க் வந்த சந்தோஷத்தில் ஹப்பைத் துடைக்காமல் புதுசை மாட்டிவிடுகிறார்கள். பல கார்களில் டிஸ்க்குக்கு அனுமதிக்கப்படும் தள்ளாட்டம் 0.1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. அடியில் ஒரு துருச் செதில் மாட்டினாலே அந்த அளவைத் தாண்டிவிடும். சில ஆயிரம் கிலோமீட்டரில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்கும்; பழி புது டிஸ்க் மேல் விழும். கம்பி பிரஷ், உப்புத்தாள் கொண்டு ஹப் முகத்தைப் பளிச்சென்று தேய்த்துவிட்டு மாட்டுங்கள். புது டிஸ்க் மேல் இருக்கும் எண்ணெய்ப் பூச்சையும் பிரேக் கிளீனரால் கழுவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இடது, வலது இரண்டையும் ஜோடியாக மாற்றுவதுதான் முறை.

எல்லாம் மாட்டியதும் உடனே வண்டியை நகர்த்தாதீங்க. காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரை வரை போகும். கார் நிற்கும் இடத்திலேயே, பெடல் கல்லு மாதிரி இறுகும் வரை நாலைந்து தடவை மிதித்த பிறகே கியரைப் போடுங்கள்.