முப்பந்தல் காற்றாலைகளின் மின்சுவிட்ச்

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிப் பாய்கிறது. 1980-களின் பிற்பகுதியில் தமிழ்நாடு மின்வாரியம் மாதிரிக் காற்றாலைகளை நிறுவியது. அடுத்த பத்தாண்டில், முதல் ஆண்டிலேயே முழுத் தேய்மானத்தையும் கணக்கில் கழிக்கலாம் என்ற வரிச்சலுகையை நம்பித் தனியார் முதலீடு கணவாயை ஒட்டிய முப்பந்தலில் குவிந்தது.

அக்காலக் காற்றாலைகள் பெரும்பாலும் 200 முதல் 250 கிலோவாட் வரையிலானவை. அவற்றின் தூண்டல் ஜெனரேட்டர் நேரடியாக மின்கம்பியோடு பிணைக்கப்பட்டது. சுழலும் வேகம் ஏறக்குறைய மாறாது. சட்டென்று இணைத்தால் இயல்பைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாய்ந்து, கிராமத்து மின்பாதையில் அழுத்தம் சரியும். அதைத் தடுத்தது தைரிஸ்டர். 1957-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் வெளிக்கொணர்ந்த இந்தச் சிலிக்கான் சுவிட்ச், மாறுமின்னோட்டத்தின் ஒவ்வோர் அரைச்சுழற்சியிலும் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகத் திறந்துவிடும். சில நொடிகளில் இணைப்பு முடிந்ததும் கான்டாக்டர் என்ற இயந்திரச் சுவிட்ச் பொறுப்பேற்கும், தைரிஸ்டருக்கு ஓய்வு. அதன்பின் சூறைக்காற்றின் ஒவ்வோர் உதையும் கியர்பாக்ஸிலும் மின்பாதையிலும்தான் விழும். காந்தப்புலத்தை உருவாக்க ஜெனரேட்டர் விழுங்கும் ரியாக்டிவ் பவரைக் கெபாசிட்டர்கள் ஓரளவே ஈடுகட்டின.

தைரிஸ்டரைக் கேட் முனையால் திறக்கலாம், மூட முடியாது. மின்னோட்டம் தானாகச் சுழியத்துக்கு வர வேண்டும். இந்தத் தடையைத் தாண்டியது, கேட் முனையாலேயே திறக்கவும் மூடவும் கூடிய ஐஜிபிடி என்ற சுவிட்ச். சென்னையில் பிறந்து, சென்னை ஐஐடியில் 1969-ல் பட்டம் பெற்ற ஜெயந்த் பாலிகா, 1980-களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் அதை உருவாக்கினார். 2024-ல் அவர் மில்லெனியம் தொழில்நுட்பப் பரிசு பெற்றார்.

ஐஜிபிடி மாட்யூல் என்பது பல சில்லுகளைப் பீங்கான் தகட்டின்மேல் பற்றவைத்து ஒரே பெட்டியில் அடைத்தது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும். புதிய காற்றாலைகளின் ஒரு வகையில் ஜெனரேட்டரின் ரோட்டர் வழியே செல்லும் சுமார் 30 விழுக்காட்டு மின்திறனும், மற்றொரு வகையில் முழு மின்திறனும் இதன் வழியே செல்கின்றன. காற்றுக்கேற்ப இறக்கை வேகம் மாறலாம். ரியாக்டிவ் பவரை மின்கட்டமைப்புக்கே வழங்கலாம். இதற்கு ஒரு விலையும் உண்டு: காற்று ஏறி இறங்கும்போதெல்லாம் சில்லு சூடேறிக் குளிர்வதால், அதை இணைக்கும் நுண்கம்பிகளும் பற்றவைப்பும் நாளடைவில் தளர்கின்றன.

மின்னழுத்தம் நொடிப்பொழுது சரிந்தாலும் புதிய காற்றாலைகள் இணைப்பிலேயே நீடிக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2013-ல் விதித்தது. பழைய வகைக்கு அது எளிதல்ல. அவற்றை மாற்றவும் புதுப்பிக்கவும் தமிழ்நாடு அரசு 2024-ல் தனிக் கொள்கை வெளியிட்டது. காற்று மிகுந்த இடங்களை முதலில் பிடித்தவை பழைய இயந்திரங்களே. அவற்றை மாற்றுவதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.