கணினித் தெரிவும் தமிழாய்வுத் தரவுகளின் நிலைபேறும்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தனியாள் கணினியும், 1984 ஜனவரியில் ஆப்பிள் மெக்கின்டோஷும் அறிமுகமாயின. இவற்றுள் எதனைத் தெரிவு செய்வது என்னும் வினா, தமிழாய்வாளரைப் பொறுத்தவரை விலை, வேகம் ஆகியவற்றோடு முடிந்துவிடவில்லை. உள்ளிட்ட தமிழை எவரால் படிக்க இயலும் என்பதையும் அதுவே தீர்மானித்தது.

தொடக்ககால ஐபிஎம் கணினியின் எழுத்துத் திரை, வன்பொருளில் பதிக்கப்பட்ட 256 வடிவங்களையே காட்டியது; அவற்றுள் தமிழ் இல்லை. மெக்கின்டோஷோ எழுத்துகளைப் புள்ளிப் படங்களாக வரைந்தமையால் பிறமொழி எழுத்துருக்களையும் ஏற்றது. 1992இல் விண்டோஸ் 3.1, ட்ரூடைப் எழுத்துருக்களை ஏற்றபின் இவ்வேறுபாடு குறைந்தது. ஆயினும் 128 முதல் 255 வரையிலான குறியெண்களை இரு அமைப்புகளும் வெவ்வேறாகப் பயன்படுத்தின. அவ்விடங்களில் தமிழெழுத்துகளை அமைத்த கோப்புகள் அமைப்பு மாறும்போது சிதைய நேர்ந்தது.

கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துரு, இரண்டிற்கும் பொதுவான முதல் 128 இடங்களுக்குள் அமைந்து இச்சிக்கலைத் தவிர்த்தது. ஆனால் அது ஆங்கில எழுத்துகளின் இடங்களைப் பயன்படுத்தியதால், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பனுவல் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகவே தோன்றியது. 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டமும் தன் மின்னூல்களைத் திஸ்கி, ஒருங்குறி ஆகிய குறியேற்றங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

பழைய எழுத்துருக்களில் தங்கிவிட்ட ஆய்வேடுகளையும் சொல்லடைவுகளையும் மீட்க இன்றும் குறியேற்ற மாற்றிகள் தேவைப்படுகின்றன. ஆகவே, கணினித் தெரிவில் முதலில் வினவத்தக்கது, அப்பொறி பழுதான பின்னும் அதன் தரவை வேறொன்றில் படிக்க இயலுமா என்பதேயாகும்.