சிமுலேட்டர் லைப்ரரியான வரலாறு

செயலி, கேச், நினைவகம் ஆகியவற்றின் இயக்கத்தை மென்பொருளிலேயே நடத்திக் காட்டும் சிமுலேட்டர்கள் நெடுங்காலம் பெரும்பாலும் தனி நிரல்களாகவே எழுதப்பட்டன. நிரலைத் தொடங்குவதும் முடிப்பதும் அவைதான். கடிகாரமும் அவற்றின் கையில்தான். அப்படிப்பட்ட ஒன்றை வேறொரு மென்பொருளுக்குள் லைப்ரரியாக வைக்க வேண்டுமானால், அது முதலில் இந்த அதிகாரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

பிழைதிருத்தியான ஜிடிபி 1990களிலேயே சிமுலேட்டரை இப்படி உள்ளே வைத்தது. கையில் இல்லாத செயலிக்கு எழுதிய நிரலையும் அதில் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே அந்தந்தச் செயலிக்கான சிமுலேட்டர் லைப்ரரியாகத் தொகுக்கப்பட்டு ஜிடிபியோடு இணைக்கப்பட்டது. திறப்பது, நிரலை ஏற்றுவது, ஓட்டுவது, நிறுத்துவது, நினைவகத்தைப் படிப்பது என்று சில ஃபங்ஷன்களே இடைமுகம். ஆர்ம் நிறுவனத்தின் ஆர்முலேட்டரும் இந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. ஜிடிபிக்கென்று தனிக் கடிகாரம் இல்லாததால் மோதலுக்கு இடமில்லை.

ஜெம்5 விஷயத்தில் மோதல் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்5, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜெம்ஸ் ஆகிய இரண்டும் இணைந்து 2011இல் உருவான சிமுலேட்டர் அது. சில்லு வடிவமைப்பாளர்களோ தங்கள் மாதிரிகளைச் சிஸ்டம்சி என்ற மாதிரியாக்க மொழியில் எழுதி வைத்திருந்தார்கள். ஜெம்5-ஐப் போலவே அதற்கும் சொந்த நிகழ்வு வரிசையும் கடிகாரமும் உண்டு. ஒரே நிரலுக்குள் இரண்டு கடிகாரங்கள் தன்னிச்சையாக ஓட முடியாது.

2014 வாக்கில் இதற்கு வழி பிறந்தது. ஜெம்5-இன் அமைப்பை விவரிக்கும் பைத்தான் பகுதி விலக்கப்பட்டு, முன்பே எழுதிவைத்த கோப்பிலிருந்து அமைப்பு படிக்கப்பட்டது. அடுத்து, ஜெம்5 தன் வரிசையின் முதல் நிகழ்வு எந்தப் பிக்கோநொடியில் வருகிறது என்று சிஸ்டம்சியிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த நேரம் வந்ததும் சிஸ்டம்சி அதை எழுப்பும். இடையில் வெளியிலிருந்து ஒரு கோரிக்கை வந்து அதைவிட முந்தைய நிகழ்வைச் சேர்த்துவிட்டால், எழுப்பும் நேரமும் முன்னால் நகரும். மொத்த இணைப்பின் உயிர்நாடி இந்தச் சிறு ஏற்பாடுதான். ஜெம்5-இன் நினைவகக் கோரிக்கைகளைச் சிஸ்டம்சியின் டிஎல்எம் என்ற பரிமாற்ற வடிவத்துக்கு மாற்றும் பாலத்தை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2017இல் விரிவாக வெளியிட்டனர். பிறகு சிஸ்டம்சியின் கருவே ஜெம்5-க்குள் புதிதாக எழுதப்பட்டு, விருந்தாளி வீட்டுக்காரரானார்.

யூனிகார்ன் என்ற லைப்ரரியோ கடிகாரத்தையே கைவிட்டது. நுயென் அன் குயின், டாங் ஹோங் வூ ஆகியோர் 2015இல் பிளாக் ஹாட் மாநாட்டில் அறிமுகப்படுத்திய இது, ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட கியூஎமு என்ற எமுலேட்டரிலிருந்து செயலிப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தது. வட்டு, திரை போன்ற சாதனங்கள் நீக்கப்பட்டன. ஒரே நிரலில் பல செயலிகளை உருவாக்குவதற்காக, பொது மாறிகளில் கிடந்த நிலைத்தகவல் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே பிரிக்கப்பட்டது. மிகக் கடினமான வேலை அது. தீநிரல்களை ஆராய்வோருக்கு இது பெரும் வரம்: சந்தேகத்துக்குரிய ஒரு துண்டை மட்டும் நினைவகத்தில் வைத்து, கட்டளை கட்டளையாக ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் மூலத்திலிருந்து பிரிந்ததற்கு விலை உண்டு. கியூஎமு 2.1.2-இல் நின்றுவிட்ட யூனிகார்ன், 5.0.1-க்கு மாறிய இரண்டாம் பதிப்பை 2022இல்தான் வெளியிட முடிந்தது.